வரப்பில் நடந்த சட்டை

வெள்ளை முழுக்கைச் சட்டை ஒன்று. உள்ளே ஆள் இல்லை. காலர் விறைப்பாக நிற்கிறது, மேல் பொத்தான் மட்டும் போடாமல் விட்டிருக்கிறது, இரண்டு கைகளும் மெல்ல வீசுகின்றன. கணினித் திரையில் அது எங்கள் மரக்காணத்து உப்பளத்தின் வரப்பு மேல் நடந்து போகிறது. இரண்டு பக்கமும் பாத்திகளில் வானம் தலைகீழாகக் கிடக்கிறது. 2005ஆம் வருடத்துக் கோடையில் மச்சான் அந்தச் சட்டையை வரைந்து முடித்து, "இத நடக்க வை மாப்ள" என்று என்னிடம் சொன்னார். நடப்பதற்குக் கால் வேண்டாமா என்று கேட்டேன். "கால் இருந்தா எவன் வேணா நடக்க வெப்பான். அதுக்கு நீ எதுக்கு?" என்றார். மச்சானிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர்கள் எங்கள் வீட்டில் கிடையாது. நான் விசைப்பலகையை இழுத்து வைத்துக்கொண்டேன்.

மச்சான் என் அக்காவின் கணவர். சார்ஜாவில் கடைகளுக்குப் பெயர்ப் பலகை செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. எழுத்தும் படமும் கணினியில் வரைந்து கொடுப்பது அவர் பொறுப்பு. பிரியாணிக் கடைக்கு ஆவி பறக்கிற தட்டு, தையல் கடைக்குக் கத்தரிக்கோல், பல் டாக்டருக்குப் பளிச்சென்று ஒற்றைப் பல். "நாள் பூரா அந்தப் பல்லத்தான் வரையறேன் மாப்ள. தூங்குனா கனவுல வந்து கடிக்குது" என்று போனில் சொல்லிச் சிரிப்பார். நிக்காஹ் முடிந்து சில மாதங்களில் போனவர். அப்போது அக்கா முழுகாமல் இருந்தாள். மகள் பிறந்ததைப் போனில்தான் கேட்டார். அவள் குப்புற விழுந்தது, தவழ்ந்தது, நடந்தது, பேசியது எல்லாம் அவருக்குக் காது வழியாக நடந்த சங்கதிகள். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் போன் வரும். அக்கா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ரிசீவரை அதன் காதில் வைப்பாள்.

சுனாமி அடித்தபோது அவருக்கு எங்கள் யாருடைய குரலும் கிடைக்கவில்லை. அங்கே டிவியில் ஏதேதோ கடற்கரைகளைக் காட்டிக்கொண்டே இருந்தார்களாம். ஒருவழியாக லைன் கிடைத்து, "எல்லாரும் நல்லா இருக்கோங்க, உப்பளத்துலதான் சேறு ஏறிடுச்சு" என்று அக்கா சொன்னபோது, அந்தப் பக்கம் பெரிய ஆள் விசும்பி அழுகிற சத்தம் மட்டும் கேட்டது என்று அக்கா பிறகு சொன்னாள். முதலாளியோடு மல்லுக்கட்டி லீவு வாங்கிக்கொண்டு, பிப்ரவரியில் வந்து சேர்ந்தார். அந்த நாட்டு விசாவுக்கு ஒரு விதி உண்டு. வெளியே வந்தவன் ஆறு மாதத்துக்குள் திரும்பி உள்ளே போகவில்லை என்றால் விசா செத்துவிடும். அதனால் ஆகஸ்ட் வந்தால் மச்சான் போயாக வேண்டும். போனால் மறுபடி எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது.

அவர் வந்த அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். அக்கா எங்களோடுதான் இருந்தாள். அவள் அறையில் கொக்கியில் மச்சானின் வெள்ளைச் சட்டை ஒன்று தொங்கும். மகளுக்கு அத்தா யார் என்று காட்ட வீட்டில் போட்டோ கிடையாது. எங்கள் அத்தா, அதாவது என் தகப்பனார், வீட்டுக்குள் உயிருள்ளவற்றின் உருவத்தை வைக்க விடமாட்டார். உருவம் இருக்கிற வீட்டுக்குள் மலக்குமார்கள் என்கிற வானவர்கள் வரமாட்டார்கள் என்பார். அதனால் போன் வரும்போதெல்லாம் அக்கா அந்தச் சட்டையைக் காட்டி, "அதோ பாரு, அத்தா சட்டை" என்று சொல்லிச் சொல்லி, பிள்ளைக்குச் சட்டையே அத்தா ஆகிவிட்டது. காலையில் எழுந்ததும் அதற்கு சலாம் சொல்லும். மச்சான் வந்து குளித்துவிட்டு, ஆசையாக அந்தச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பிள்ளை வீல் என்று கத்திவிட்டது. "அத்தா சட்டைய கழட்டு, கழட்டு" என்று தரையில் விழுந்து புரண்டது. நாங்கள் எல்லோரும், "இவருதான்டி அத்தா" என்று மாறி மாறிச் சொன்னோம். கேட்டால்தானே. மச்சான் சட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார். கையால் சுருக்கம்கூட நீவிவிட்டார். அதற்குப் பிறகு அதை அவர் போடவே இல்லை. பிள்ளை அவருக்குப் 'புது மாமா' என்று பெயர் வைத்தது. "அத்தான்னு கூப்புடுடி" என்றால் தலையாட்டும். அடுத்த நிமிஷம், "புது மாமா, தூக்கு" என்று கை நீட்டும். சில வாரங்களில் அவரை விட்டு நகராமல் ஒட்டிக்கொண்டது. ஆனாலும் வெள்ளிக்கிழமை வந்தால் போன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, "அத்தா ஏன் போனே பண்றதில்ல?" என்று கேட்கும். மச்சான் அந்த நேரத்தில் எழுந்து மாடிக்குப் போய்விடுவார்.

மாடியறையில் என் கணினி இருந்தது. நான் அப்போது பட்டம் வாங்கிவிட்டு வேலை இல்லாமல் இருந்தேன். வீட்டில் என் நிலைமை உப்புக்குச் சப்பாணிதான். அத்தா மாடி ஏறமாட்டார் என்ற தைரியத்தில் நாள் முழுவதும் கேம் விளையாடுவேன், அதை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று நோண்டுவேன், சின்னச் சின்னதாக நானே எழுதியும் பார்ப்பேன். எல்லாம் துப்பாக்கியும் குண்டும்தான். மச்சான் கொஞ்ச நேரம் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "எல்லாரையும் சுட்டுட்டியா? இனிமே அந்த ஊர்ல யார்கூட பேசுவே?" என்று கேட்டார். அன்று சாயங்காலம் தன் பெட்டியிலிருந்து ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். சார்ஜாவில் பழைய புத்தகம் விற்கும் ஒருவரிடம் வாங்கியது. அட்டை இல்லை. உள்ளே முழுவதும் சர்ரியலிச ஓவியங்கள்.

நான் அதுவரை அப்படிப்பட்ட படங்களைப் பார்த்ததில்லை. கடற்கரையில் பனைமர உயரத்துக்கு ஒரு நாற்காலி. சாப்பாட்டு மேசை மேல் மழை பெய்து கொண்டிருக்கிறது, தட்டுகள் நனையவில்லை. வீடு எங்கேயும் இல்லாத பாலைவனத்தில் ஒரு கதவு மட்டும் திறந்திருக்கிறது. எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது, அப்படியே சொன்னேன். மச்சான் கோபிக்கவில்லை. "பொருளுக்கெல்லாம் லீவு குடுத்துட்டாங்க மாப்ள, அவ்ளோதான். நாற்காலி இத்தினி நாளா உக்கார வெச்சுது, இப்ப லீவு. இஷ்டத்துக்கு வளருது. கதவு காவல் காத்துது, இப்ப லீவு. தனியா காத்து வாங்குது" என்றார். பிறகு பக்கத்தைப் புரட்டிக்கொண்டே, "நானும் லீவுல வந்தவன்தானே. எனக்கு இதுங்கள பாத்தா சொந்தக்காரங்க மாதிரி இருக்குது" என்றார். கண்காட்சிகளிலும் கருத்தரங்குகளிலும் இந்த ஓவிய மரபைப் பற்றி எத்தனையோ விளக்கம் பிறகு கேட்டுவிட்டேன். கனவு, அடிமனம், தர்க்கத்தை உடைப்பது என்று பெரிய பெரிய சொற்கள் வரும். எனக்கு மச்சான் சொன்னதுதான் கைக்கு அடக்கமாக இருக்கிறது.

மறுநாள் என்னை உப்பளத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். எங்கள் அத்தாவுக்கு அங்கே சில பாத்திகள் இருந்தன. சுனாமிச் சேற்றை அள்ளிப் பாத்தி கட்டி, தண்ணீர் வற்றி மறுபடியும் உப்பு இறங்க ஆரம்பித்திருந்த சமயம். நான் பிறந்ததிலிருந்து பார்த்த இடம், ஒரு புதுமையும் எனக்குத் தெரியாது. "அந்தப் புத்தகத்துல இருக்கற கண்ண போட்டுக்கிட்டு பாரு" என்றார். பார்த்தேன். பாத்தித் தண்ணீரில் மேகங்கள் காலடியில் போய்க்கொண்டிருந்தன. தூரத்தில் வேலை செய்கிற பெண்கள் கானலில் இடுப்புக்குக் கீழே கரைந்துபோய், இடுப்புக்கு மேலே மட்டும் நடந்தார்கள். பனையோலை மூடிய உப்புக் குவியல்கள் வரிசையாக உட்கார்ந்து யாருக்கோ காத்திருந்தன. எங்கேயோ ஒரு இஞ்சின் இருமிக்கொண்டிருந்தது, அது எந்தப் பக்கம் என்று சொல்ல முடியவில்லை. இருபத்தி நாலு வயதில் எனக்கு என் ஊர் விசித்திரமானது என்று தெரிந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான் என்று மச்சானிடம் சொன்னேன். "அப்ப உருக்கு" என்றார்.

அவர் மனதில் ஒரு திட்டம் இருந்தது. என் கல்லூரியில் எனக்கு முன்னால் படித்த ஒருவர் சென்னையில் ஒரு சின்ன கேம் கம்பெனியில் இருந்தார். அங்கே படம் வரைகிறவர்கள் தேவைப்படுகிறார்கள், ஏதாவது செய்து கொண்டுவந்து காட்டினால் மேனேஜர் பார்ப்பார் என்று சொல்லியிருந்தார். அதை நான் பேச்சுவாக்கில்தான் சொன்னேன். மச்சான் அதை இறுகப் பிடித்துக்கொண்டார். சென்னையில் வேலை கிடைத்தால் வாரத்துக்கு ஒருமுறையாவது வீட்டுக்கு வரலாம். பஸ் ஏறினால் மூன்று மணி நேரம். சார்ஜாவை விட்டுவிடலாம். அத்தாவுக்கு இதில் கொஞ்சமும் சம்மதமில்லை. "இருக்கற வேலைய விட்டுட்டு வெளையாட்டு செய்யப் போறீங்களா மாப்பிள்ள? நாலு பேரு கேட்டா நான் என்னன்னு சொல்றது?" என்றார். அக்கா மட்டும் மாடிக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, என்னிடம் மெதுவாக, "நல்லா செய்யிடா. இவரு போவக்கூடாது" என்றாள். அவள் என்னிடம் அதுவரை எதையும் அப்படிக் கேட்டதில்லை.

கதாநாயகனாக யாரை வைப்பது என்று வந்தபோதுதான் அந்தச் சட்டை வந்தது. அத்தாவின் வீட்டில் மனித உருவம் செய்ய முடியாது. மாமனாரை மீறி அவர் கூரைக்குக் கீழே ஒன்றைச் செய்ய மச்சானுக்கு மனம் இல்லை. "இதுகூட நல்லதுக்குத்தான் மாப்ள. ஆளே வேணாம். பொருளுங்க மட்டும் இருக்கட்டும்" என்று உட்கார்ந்துவிட்டார். அவர் செய்த உலகத்தில் ஒரு உயிர்கூட இல்லை, ஆனால் எல்லாம் அசைந்தன. வரப்பு நடுவில் ஒரு கதவு நிற்கும், உள்ளேயிருந்து யாரோ தட்டுவார்கள், திறந்தால் அந்தப் பக்கமும் இதே உப்பளம். ஒரு குவியலின் ஓலையைத் தூக்கினால் அடியில் விளக்கெரிய ஒரு பஸ் நிற்கும். உப்புச் செடிகளில் டெலிபோன் ரிசீவர்கள் காய்த்துத் தொங்கும், எடுத்துக் காதில் வைத்தால் கடல் சத்தம். சட்டைக்குக் காது ஏது என்று நான் கேட்டேன். காலருக்குப் பக்கத்தில் வைத்தால் போதும் என்றார். கடைசியில் ஒரு வீடு. அங்கே சுவரில் ஒரு கொக்கி. சட்டை போய் அதில் தன்னைத்தானே மாட்டிக்கொண்டால் ஆட்டம் முடிந்தது. எதிரி இல்லை, பாயிண்ட் இல்லை. நான் சண்டை போட்டேன். சுடுவதற்கு ஒன்றுமே இல்லாவிட்டால் அது என்ன கேம் என்று கத்தினேன். "வீட்டுக்குப் போய்ச் சேர்றது லேசுன்னு நெனைக்கிறியா நீ?" என்று மட்டும் கேட்டார்.

அவர் வேலை செய்கிற விதத்தை நான் வியந்து பார்த்திருக்கிறேன். ஒரு பொருளை வரையும் முன்னால் அதை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார். அது என்ன வேலை செய்து களைத்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். கீழே போய் கொக்கியில் தொங்கும் சட்டையை மணிக்கணக்கில் பார்த்தார். காற்றில் கை லேசாக ஆடும்போது அது யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருப்பதைக் கவனித்து, அதே ஆட்டத்தைத் திரையில் கொண்டுவந்தார். சட்டைக்கு முகம் கிடையாது, ஆனால் அது சோர்ந்திருக்கிறதா, பயந்திருக்கிறதா, சந்தோஷமாக இருக்கிறதா என்று தோளை வைத்தே சொல்லிவிடலாம். அதற்குப் பிறகு நான் பெரிய பெரிய கலைஞர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். முகமே இல்லாமல் இவ்வளவு சொன்னவர் அவர் ஒருவர்தான்.

ஒரு நாள் எங்களுக்குத் தெரியாமல் அத்தா மாடிக்கு வந்து பின்னால் நின்றுவிட்டார். திரையில் சட்டை நடந்துகொண்டிருந்தது. நான் எழுந்து நின்றேன். அத்தா தாடியைத் தடவிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். "சட்டைக்கு ரூஹ் இல்ல, உசுரு இல்ல. நடந்தா தப்பில்ல" என்றார். பிறகு விரலை நீட்டி, "ஆனா நிழல் வுழுது பாரு. நிழல் வுழுந்தா ஆளுன்னு ஆயிடும். அத எடுத்துடுங்க" என்றார். இது எந்தக் கிதாபில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, அத்தாவே அப்போது தீர்மானித்ததாகத்தான் இருக்க வேண்டும். மச்சான் மறுபேச்சு இல்லாமல் நிழலை எடுத்தார். சுட்டெரிக்கிற வெயிலில், வரப்பில், எல்லாவற்றுக்கும் நிழல் இருக்க, நிழலில்லாமல் ஒரு சட்டை மட்டும் நடந்தது. மச்சான் என் காதுப்பக்கம் குனிந்து, "மாமாவுக்கு அந்தப் புத்தகத்துல எடம் இருக்குது மாப்ள" என்றார்.

பிறகு ஆட்களைக் கூப்பிட்டு விளையாட விட்டோம். அத்தாவே முதலில் உட்கார்ந்தார். எங்கள் பாத்திகளில் வேலை செய்கிறவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், மீன் கொண்டு வருகிற எக்கியார்குப்பத்து அம்மா வரைக்கும் வந்து விளையாடினார்கள். எல்லோருக்கும் பிடித்திருந்தது. டெலிபோன் காய்க்கிற இடத்தில் அந்த அம்மா வெகுநேரம் நின்று, ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அத்தா திரையைப் பார்த்து, "வரப்புல போ, வரப்புல போ" என்று சட்டையை அதட்டியபடியே ஓட்டினார். உப்பு இறங்குகிற பாத்தியில் எங்கள் ஊரில் யாரும் சும்மா கால் வைக்க மாட்டார்கள். கீழே பதமாக மிதித்துக் கட்டிய தரை, அது கலங்கினால் உப்பு அழுக்காகிவிடும். நடை பழகும்போதே முதுகில் ஒன்று வாங்கி வரப்பில் நடக்கக் கற்றுக்கொள்வோம். விளையாடிய அத்தனை பேரும் கடைசிவரை வரப்பை விட்டு இறங்கவில்லை. ஒரு கோளாறும் வரவில்லை, ஆட்டம் தயார் என்று நாங்கள் முடிவு செய்தோம்.

ஜூலையில் சென்னைக்குப் போனோம். மேனேஜர் நல்ல மனிதர், எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார். கணினியில் போட்டுக் கொடுத்தோம். உப்பளம் திரையில் விரிந்ததும், "அடேங்கப்பா" என்றார். எனக்கு நம்பிக்கை வந்தது. அவர் விசையைத் தொட்டார். வரப்பில் இரண்டு அடிகூட வைக்கவில்லை. நேராகப் பாத்திக்குள் இறங்கினார்.

வரப்புக்கு மட்டும்தான் நான் நிரலில் கால் தாங்குகிற தரை எழுதியிருந்தேன். பாத்திக்குத் தரை வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, மச்சானுக்கும் தோன்றவில்லை, விளையாடிப் பார்த்த ஊருக்கே தோன்றவில்லை. அங்கே இருந்தது மச்சான் வரைந்த தலைகீழ் வானம் மட்டும். சட்டை அந்த வானத்துக்குள் விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது. காற்றில் உப்பி, கைகளை விரித்து, மேகங்களைத் தாண்டி மேகங்களுக்குள் போய்க்கொண்டே இருந்தது. நான் கணினியை அணைக்கக் கை நீட்டினேன். மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க ஊர்ல பாத்தியில யாரும் கால் வெக்க மாட்டாங்க சார். அதான் அங்க தரையே போடல" என்றார். மேனேஜர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "எப்ப கீழ போய்ச் சேரும்?" என்று கேட்டார். "சேராது சார்" என்றார் மச்சான். அறையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து பின்னால் நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண், "பாவம்" என்று மட்டும் சொன்னாள்.

மேனேஜர் மறுபடி முதலிலிருந்து போடச் சொல்லி, வரப்பிலேயே நடந்து கடைசிவரை போய்ப் பார்த்தார். நன்றாக இருக்கிறது, தான் இதுவரை பார்த்த எதைப் போலவும் இல்லை என்று மனதாரச் சொன்னார். ஆனால் வெளிநாட்டில் இருந்து வாங்குகிறவர்களிடம் இதைக் காட்டி விற்க முடியாது என்றும் சொன்னார். சட்டைக்குள் ஒரு பையனை வைத்து, முகம் வரைந்து, துரத்துவதற்கு இரண்டு பேரைப் போட்டுக் கொண்டுவந்தால் பேசிப் பார்க்கலாம் என்றார். மச்சான் பணிவாகத்தான் பதில் சொன்னார். "வேற எது வேணும்னாலும் வரைஞ்சு குடுக்கறேன் சார். இது என் வீட்ல மாட்டியிருக்கற சட்டை. உள்ள ஆள் வெக்க என்னால முடியாது." மேனேஜர் தலையசைத்தார். இப்போதைக்கு இடம் இல்லை, ஏதாவது வந்தால் சொல்லி அனுப்புகிறேன் என்றார். சொல்லி அனுப்புகிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று தெரியாதவர்களா நாங்கள்?

வெளியே வந்து ரோட்டோரம் நின்றோம். பயல் ஒருவனின் முகத்தை வரைந்து தொலைத்தால் என்ன என்று எனக்கு மச்சான் மேல் கோபம் வந்தது. அவர், "உங்க அக்கா காத்துக்கிட்டிருப்பா, போன குடு" என்று என் செல்போனை வாங்கி வீட்டுக்கு அடித்தார். எடுத்தது மகள். வெள்ளிக்கிழமை தோறும் ஏமாந்திருந்த பிள்ளை. மச்சான் "ஹலோ" என்றதும், "அத்தா" என்று அது போட்ட சத்தம் பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. "அத்தா, நீ ஏன் போனே பண்ணல?"

மச்சான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "வேல இருந்துதும்மா" என்றார்.

"அத்தா, நம்ம வூட்ல ஒரு புது மாமா இருந்தாருல்ல? காலைல பஸ் ஏறிப் போயிட்டாரு. என்கிட்ட சொல்லவே இல்ல. நீ அவர வரச் சொல்லு."

மச்சான் சுவரில் சாய்ந்துகொண்டார். "வந்துடுவாரும்மா. சாயங்காலம் வந்துடுவாரு."

"நெஜமா?"

"நெஜமா."

"நீ வரலன்னா பரவால்ல அத்தா. அவர மட்டும் அனுப்பிடு" என்றது பிள்ளை. போனை வைத்துவிட்டது.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கல்பாக்கம் தாண்டினோம். விமானத்துக்கு எப்போது டிக்கெட் எடுக்கப் போகிறார் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. திடீரென்று என் பக்கம் திரும்பினார். கண் சிவந்திருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். "கேட்ட இல்ல மாப்ள? அந்த ஆளு வரலன்னா பரவால்லயாம்" என்றார். பிறகு, "அவன் சார்ஜாவுலயே இருக்கட்டும். நான் இங்க இருந்துக்கறேன்" என்றார். வேலை கிடைக்கவில்லை, கையில் வேறு வழியும் இல்லை. ஆனாலும் அவர் அதைச் சொன்ன விதத்தில், இனி இந்த மனிதரை யாராலும் அசைக்க முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆகஸ்டில் விசா செத்தது. அத்தா சில வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை, பிறகு அவரே பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடை பார்த்துக் கொடுத்தார். மச்சான் அங்கே போர்டு எழுதவும் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டவும் ஆரம்பித்தார். கல்யாணப் பத்திரிகையில் மேகத்தின் மேல் பந்தல் போட்டுக் கொடுக்கிற ஒரே கடை அதுதான். திண்டிவனத்திலிருந்தும் கிளியனூரிலிருந்தும் வந்து கேட்டு வாங்குவார்கள். எங்கள் கேம் வெளியே வரவே இல்லை. அடுத்த வருடம் நான் அதே கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன், பிறகு பெங்களூருக்குப் போனேன். இன்றைக்கு விசித்திரமான கேம்களுக்கு ஒரு கூட்டமே இருக்கிறது. சர்ரியலிசத்திலிருந்து ஊக்கம் பெற்றோம் என்று இளைஞர்கள் மேடையில் பேசுகிறார்கள், கண்ணுக்கு அருமையாகத்தான் செய்கிறார்கள். விளையாடும்போது நான் தேடுவது ஒன்றைத்தான். அந்த விசித்திரத்தின் அடியில் யாருக்காவது ஏதாவது வலிக்கிறதா என்று பார்ப்பேன். பெரும்பாலும் இருக்காது. இருந்துவிட்டால் அன்றைக்கு மச்சானுக்குப் போன் செய்து சொல்வேன்.

இதெல்லாம் பிறகு நடந்தது. அன்று நாங்கள் மரக்காணத்தில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது சாயங்கால அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளிவாசலை விட்டு வந்துகொண்டிருந்தார்கள். அத்தாவும் அப்போதுதான் வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அக்கா எங்கள் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டு நிலைப்படியைப் பிடித்தபடி நின்றாள். என்ன ஆயிற்று என்று அத்தா கேட்க வாயெடுப்பதற்குள் பிள்ளை எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து மச்சானின் காலைக் கட்டிக்கொண்டது.

"நீ வருவேன்னு அத்தா சொன்னாரு" என்றது.

மச்சான் குனிந்து அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "என்கிட்டயும் சொன்னாரும்மா" என்றார்.

அத்தா நகர்ந்து அவர்கள் உள்ளே போக வழி விட்டார்.